புளியன் மரத்துக்குப் பேர் சொல்ல வந்தவர்

பஸ் இப்போதைக்கு நகராதுக்கா. முன்னாடி வளைவுல மரம் விழுந்து கெடக்காம். அறுத்துத் தள்ளினாத்தான் வழி விடும்னு கண்டக்டர் சொல்லிட்டுப் போறாரு. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. மிதுனா, பெரியம்மா சேலையில கால வைக்காத. மடக்கு.

அது என்னக்கா பையில, ஆப்பிளா? பஸ் ஸ்டாண்டுலயா வாங்கினீங்க? கொடைக்கானலுக்கு வந்து, டெல்லிப் பக்கத்துல இருந்து லாரியில வந்த ஆப்பிளை வாங்கிட்டு இறங்குறீங்க பாருங்க! கோவிச்சுக்காதீங்க, எல்லாரும் அப்படித்தான். அதுல ஸ்டிக்கர் வேற. ஸ்டிக்கர்ல பேரு வேற. ஆப்பிளுக்குப் பேருன்னாலே எனக்குச் சிரிப்பு வந்துடும்க்கா. எங்க தோட்டத்துக்கு ஒருத்தர் வந்தாரு. ஆப்பிளுக்குப் பேர் சொல்றதுதான் அவருக்கு வேலையே. வேற வேலை கிடையாது. காலையில எந்திரிச்சுப் பல்லு வெளக்கிட்டு, ஆப்பிளுக்குப் பேர் சொல்லக் கிளம்பிடுவாரு. அந்தக் கூத்தைச் சொல்றேன் கேளுங்க. பஸ்ஸும் நகரல.

நாங்க பூம்பாறை ரோட்டுல பேரிக்காய் பங்களாவுல இருக்கோம். எங்க வீட்டுக்காரர் அங்க தோட்டவேலை, காவல் ரெண்டும். பேருதான் பேரிக்காய் பங்களா, பேரிக்காய் மரம் ஒண்ணு கூட கிடையாது. எல்லாம் ஆப்பிள். எந்தக் காலத்துலயோ எந்த வெள்ளக்காரனோ கப்பல்ல கொண்டுவந்து நட்டது. நட்டவன் போயிட்டான், மரம் நிக்குது. நாங்களா கூப்பிடுறதுக்கு ஒரு பேரு வெச்சிருந்தோம். பல்லுல மாவா ஒட்டுறது மாவு ஆப்பிள். நீட்டு மூஞ்சியா இருக்குறது ஆட்டுமூக்கன். எங்க குடிசை ஓரத்துல நிக்குறது புளியன். புளியன்னா அப்படி ஒரு புளிப்புக்கா. கடிச்சா காது வரைக்கும் கூசும். எங்க மாமியார் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த காலத்துல இருந்து அது புளியன்தான். அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் புளியன்தான்.

நான் வந்துதான் அதுக்கு ஒரு மரியாதை குடுத்தேன். சித்திரை வைகாசியில, சீசன் கூட்டம் இருக்கும்போதே, காய் கல்லு மாதிரி இருக்கும்போதே மொத்தமாப் பறிச்சுடுவேன். விட்டு வெச்சா யாருக்கு? குரங்கு ஒரு பக்கம், வவ்வால் ஒரு பக்கம், காட்டுமாடு வந்து கிளையோட முறிச்சுத் தின்னும். பறிச்சு, துண்டு போட்டு, உப்புல ஊற வெச்சு, வெந்தயம் பெருங்காயம் வறுத்துப் பொடிச்சு, நல்லெண்ணெய் ஊத்தி ஊறுகா போடுவேன். பாட்டில்ல அடைச்சு ஏரிக்கரையில ஒரு கடைக்குக் குடுப்பேன். மாங்காய் தோத்துப்போகும்க்கா. ஒரு தடவை வாங்கினவங்க போன்ல கூப்பிட்டுக் கேக்குறாங்க. அந்த ஊறுகாதான் இவ ஸ்கூலுக்குப் போற வேன். இவளை நல்ல ஸ்கூல்ல போடணும்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் ஒரு தடவை கூட கெஞ்சினது இல்ல. எங்கிட்ட புளியன் இருக்கு, நான் ஏன் கெஞ்சணும்?

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சு. பங்களாவ சென்னைக்காரர் ஒருத்தர் வாங்கினாரு. சஞ்சீவ் சார். நல்ல மனுஷன்தான், ஆனா எதையும் அப்படியே இருக்க விட மாட்டாரு. பங்களாவுல ரூம் ரூமா வாடகைக்கு விடப் போறாராம். வர்றவங்க காலையில தோட்டத்துல நடப்பாங்களாம். மரத்துக்கு மரம் போர்டு இருக்கணுமாம். போர்டுல பேரு இருக்கணுமாம். எங்களைக் கூப்பிட்டு நிக்க வெச்சு சட்டம் பேசினாரு. "பூங்கொடி, பேர் தெரிஞ்ச மரத்துல ஒரு காய் தொடக்கூடாது. அது விருந்தாளிங்களுக்கு. பேர் தெரியாத மரம் இருந்தா அதை நீயே பறிச்சுக்க, எனக்கு வேண்டாம்."

"மாவு ஆப்பிள், ஆட்டுமூக்கன் எல்லாம் பேரு இல்லையா சார்?"ன்னேன்.

"அதை போர்டுல எழுதினா சிரிப்பாங்கம்மா."

அப்பத்தான் அந்த ஆளை வரவழைச்சாரு. தியோடர் சார். குன்னூர்ப் பக்கம். அறுபது தாண்டின ஆளு, தொப்பி, தோள்ல ஒரு பை. பையில என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க? மடக்குக் கத்தி ஒண்ணு, வெள்ளைத் துணி ஒண்ணு. அவ்வளவுதான். ஒரு பெரிய மெஷின் எதிர்பார்த்தேன் நான். கத்தியும் துணியும் எங்க வீட்லயே இருக்கே!

அவரு வேலை செய்யுறத நீங்க பாத்திருக்கணும். ஒரு ஆப்பிளை எடுப்பாரு. மோந்து பாப்பாரு. காம்புப் பள்ளத்துல கட்டை விரலை விட்டுத் தடவுவாரு. கவுத்துப் போட்டு அடியைப் பாப்பாரு, குழந்தைக்குத் துணி மாத்துற மாதிரி. அப்புறம்க்கா, காதுல வெச்சு ஆட்டுவாரு! சத்தியமா. காதுல வெச்சு ஆட்டிட்டு, கண்ண மூடிக்கிட்டுக் கேப்பாரு. போன் பேசுற மாதிரி. நான் கேட்டே புட்டேன், "என்ன சார், அந்தப் பக்கம் யாரு பேசுறது?"ன்னு.

"விதை ஆடுதான்னு கேக்குறேம்மா. சில ஆப்பிள்ல விதை கலகலன்னு ஆடும்."

"ஆடினா?"

"ஆடினா இன்னார்னு தெரிஞ்சுடும்."

எங்க வீட்டுக்காரர் எனக்குக் கண்ணக் காட்டுறாரு, சும்மா இருடின்னு. எங்கிட்ட சும்மா இருக்குற பழக்கமே கிடையாது.

பேரு என்னமோ வரிசையா சொல்லிட்டே வந்தாரு. ஒவ்வொண்ணும் ஒரு முழ நீளம். எல்லாம் இங்கிலாந்து ராசா வீட்டுப் பசங்க பேரு மாதிரி. மாவு ஆப்பிளுக்கு ஒண்ணு, ஆட்டுமூக்கனுக்கு ஒண்ணு. ஓனருக்கு சந்தோஷம் தாங்கல. அப்புறம் எங்க குடிசைப் பக்கம் வந்தாங்க. எனக்கு திக்குனுச்சு. நான் அப்பத்தான் பாதி மரம் பறிச்சு முறத்துல போட்டிருந்தேன். தியோடர் சார் ஒண்ணை எடுத்து வெட்டினாரு. உள்ள விதை வெள்ளையா இருந்துச்சு.

"இது குழந்தை"ன்னாரு. "விதை கருக்கவே இல்ல. குழந்தையைப் பாத்து ஆளு யாருன்னு எப்படிச் சொல்றது?"

"ஏன் சொல்ல முடியாது? இவ பொறந்த அன்னிக்கே எங்க மாமியார் மூக்கப் பாத்து, இது எங்க வம்சம்தான்னு சொல்லிட்டாங்களே!"

ஓனரே சிரிச்சுட்டாரு. இவரு சிரிக்கல. மரத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே, "இதைப் பழுக்க விட்டிருக்கீங்களா எப்பவாவது?"ன்னாரு.

"பழுத்தா மட்டும் என்ன சார், புளியன் புளியன்தான்."

"பழுத்ததைப் பாத்திருக்கீங்களான்னு கேட்டேன்."

பாருங்க, வக்கீலு மாதிரி! பாத்ததில்லைன்னேன். எங்க மாமியாரும் பாத்ததில்ல. எதுக்குப் பாக்கணும்? மிளகாய் காரமா இருக்குன்னு தெரிஞ்சுக்க வயல்ல காவல் இருப்பாங்களா யாராவது?

அவரு ஓனர்கிட்ட சொல்லிட்டாரு. மிச்சம் இருக்குற காயைத் தொடக்கூடாது, ஆவணியில வருவேன், தானா கையோட வர்ற பழத்தைப் பாத்தாத்தான் பேர் சொல்ல முடியும்னு. ஓனரும் சரின்னுட்டாரு. என் ஊறுகா பாதியில நின்னுச்சு. ஏரிக்கரைக் கடைக்காரர் தினம் போன் பண்றாரு. நான் என்ன சொல்ல? மரத்துக்குப் பேர் பரிட்சை நடக்குது அண்ணே, ரிசல்ட் ஆவணியிலன்னா சொல்ல முடியும்?

பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைங்க என்ன சொன்னாங்க தெரியுமாக்கா? "ஏன் அக்கா இப்படிக் கவலைப்படுறீங்க? குரங்கு தின்னுடுச்சுன்னு சொல்லிட்டு அத்தனையும் பறிச்சுடுங்க"ன்னாங்க. நான் அப்படிப்பட்ட ஆளா? நான் யோசிச்சேன். பழம் இல்லைன்னா அந்த மனுஷன் என்ன சொல்வாரு? அடுத்த வருஷம் பாக்கலாம்பாரு. அதுக்கு அடுத்த வருஷம்பாரு. வருஷா வருஷம் என் ஊறுகா பாதியில நிக்கும். இதுக்கு ஒரே வழி, அவரு கேட்ட மாதிரியே பழுக்க விட்டு, அவரு வாயிலயே வெச்சு, காது கூசி, துப்பிட்டு, 'ஐயா சாமி, இது பேர் இல்லாத கழுதை'ன்னு அவரே சொல்லணும். அப்படியே அடங்கிடும் இந்தப் பிரச்சனை. புளியனைப் பத்தி எனக்குத் தெரியாதா?

அதனால காவல் காத்தேன்க்கா. பத்திரமா காத்தேன். வவ்வால் கடிக்கக் கூடாதுன்னு இவளோட பழைய சாக்ஸ், குல்லா, ஸ்வெட்டர் கை, இருக்குற கம்பளி எல்லாத்தையும் காய்க்கு மாட்டி விட்டேன். எங்க வீட்டுக்காரர் வேலியில சாஞ்சுக்கிட்டு கேலி பண்றாரு. "என்னடி, புளியனுக்கு யூனிஃபார்ம் மாட்டியாச்சு, எந்த ஸ்கூல்ல சேக்கப் போற?"ன்னு. சாயங்காலம் காட்டுமாடு வேலி ஓரமா வந்து நிக்கும். தோசைக்கல்லும் கரண்டியும் எடுத்துக்கிட்டுப் போய்த் தட்டுவேன். மழைக்குக் கொம்பு முறியாம முட்டுக் கொடுத்தேன். ஒரு புள்ளைத்தாச்சிக்குப் பாக்குற மாதிரி பாத்தேன் அந்த மரத்தை. எல்லாம் அந்த ஆளு துப்புறதைப் பாக்கத்தான்.

ஆவணியில வந்தாரு. ஓனரும் கூடவே வந்தாரு, ஆனா தோட்டத்து கேட் பக்கத்துலயே நின்னுட்டாரு, அங்கதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். இங்க நானும் இவளும் தியோடர் சாரும்தான். அவரு மரத்துல சாக்ஸப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "நீங்களா மாட்டினீங்க?"ன்னாரு. ஆமான்னேன். ஒரு சாக்ஸ மெதுவா கழட்டினாரு.

உள்ள இருந்தது வேற நிறம்க்கா. நான் பாத்ததே இல்ல. மஞ்சள்ல செவப்பு வரி வரியா, துணியில சாயம் இறங்கின மாதிரி. அவரு இழுக்கல, திருகல. உள்ளங்கையை அடியில குடுத்து லேசா மேல தூக்கினாரு. அவ்வளவுதான், கையோட வந்துடுச்சு. "இப்படித்தாம்மா எடுக்கணும். வெடுக்குன்னு பிடுங்கினா அடுத்த வருஷத்து மொட்டும் போயிடும்"னு பாடம் வேற. யாரு கேட்டா இவர்கிட்ட?

வெட்டினாரு. விதை காப்பிக்கொட்டை மாதிரி கருத்திருந்துச்சு. ஒரு துண்டு வாயில போட்டாரு. நான் அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கேன், எப்ப துப்புவாருன்னு. துப்பல. நின்னாரு. மரத்தைப் பாத்தாரு, கையில இருக்குறதைப் பாத்தாரு. அப்புறம் ஏதோ ஒரு பேர் சொன்னாரு. இங்கிலீஷ்ல. மெதுவா ரெண்டு தடவை சொன்னாரு. ரயில்வே ஸ்டேஷன்ல ரொம்ப நாள் கழிச்சு யாரையோ பாத்தா கூப்பிடுவாங்களே, அந்த மாதிரி. கண்ணு வேற கலங்கிப்போச்சு. ஆப்பிளைத் தின்னு கண்ணு கலங்குற ஆளை நீங்க பாத்திருக்கீங்களா? மிளகாய்ன்னாலும் பரவால்ல.

எனக்கு ஒரு துண்டு குடுத்தாரு. இவளுக்கு ஒண்ணு.

தித்திப்புக்கா.

தித்திப்புன்னா சும்மா சக்கரை இல்ல. வாய் பூரா வாசனை. இவ்வளவு தித்திப்பை வெச்சுக்கிட்டு நான் ஊறுகாய்க்கு எங்க போவேன்? ஒரு மரம் இப்படியா துரோகம் பண்ணும்? இந்தக் கழுதை துண்டைத் தின்னுட்டு, "இன்னொண்ணு தாங்க தாத்தா"ன்னு அவரு கையப் பிடிச்சுத் தொங்குது.

எனக்கு வாய் நிக்கல. "சார், பேர் சொல்லிடாதீங்க சார்"ன்னேன். "பேர் இருந்தா ஓனர் எடுத்துக்குவாரு. இது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்குற மரம். இந்த ஊறுகாதான் சார் இவ வேனு, இவ ஸ்கூலு"ன்னு. கையெடுத்தே கும்பிட்டுட்டேன். ஒரு பொம்பளை இப்படி நிக்குறாளே, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வோம்னு இருக்கணுமில்ல? இல்லையே! கத்தியைத் தொடச்சாரு. அந்த வெள்ளைத் துணியில முதல் ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம். மடக்கினாரு. மறுபடியும் பிரிச்சாரு, மறுபடியும் மடக்கினாரு. படிச்சவங்களுக்கு இரக்கமே கிடையாதுக்கா.

அதுக்குள்ள ஓனர் வந்துட்டாரு, பின்னாடியே எங்க வீட்டுக்காரரும். "என்ன சார், பேரு மாட்டுச்சா?"ன்னு ஓனர் கேட்டுக்கிட்டே வர்றாரு.

இங்கதான்க்கா அந்த மனுஷனோட லட்சணம் தெரிஞ்சுது. ஓனருக்கு ஒரு ஆப்பிள் குடுக்கணும். கைக்கு எட்டுற தூரத்துல சாக்ஸ் போட்டது அத்தனை தொங்குது, எல்லாம் பழம். அதுல ஒண்ணை எடுத்துக் குடுக்கத் தெரியாதா? இவரு என்ன பண்ணாரு, கையில இருந்த பாதிப் பழத்தைப் பைக்குள்ள போட்டுட்டு, குனிஞ்சு, அடிமரத்துப் பக்கம் வெயிலே படாத இருட்டுக்குள்ள கைய விட்டு, பச்சைப் பசேல்னு சின்னதா ஒண்ணு, அதை வெடுக்குன்னு பிடுங்கினாரு! இலையும் மொட்டும் சேந்து பிஞ்சு வந்துச்சு. இப்பத்தானே எனக்குப் பாடம் நடத்தினாரு, பிடுங்கக் கூடாதுன்னு? ஊருக்கு உபதேசம் பண்ணி அலையுறாரு, அவருக்கே ஒரு பழம் பறிக்கத் தெரியல.

ஓனர் கடிச்சாரு. மூஞ்சி அப்படியே சுருங்கிப்போச்சு. துப்பினாரு. "ச்சே! என்ன சார் இது! இதுக்குப் பேரு என்ன?"

"தெரியலிங்க"ன்னாரு.

"தெரியலையா?"

"தெரியல. விதையில மொளைச்ச ஏதோ காட்டு மரமா இருக்கலாம். பேர் கிடையாது."

ஓனருக்கு வந்துச்சு பாருங்க கோவம். "இதுக்காக ஆவணி வரைக்கும் காத்திருக்கச் சொன்னீங்க? உங்களை விட்டா ஆளே இல்லன்னு சொன்னாங்க. எங்க தோட்டக்காரன் சம்சாரம் அப்பவே சொல்லுச்சே புளியன்னு. அதைக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்"னு என் முன்னாடி, எங்க வீட்டுக்காரர் முன்னாடி வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. இவரு தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சு நின்னாரு. "ஆமாங்க, என் தப்புதான்"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்ப அடக்க முடியல. எத்தனை வருஷம் படிச்சிருப்பாரு! காதுல வெச்சு ஆட்டுனது என்ன, மோந்தது என்ன! கடைசியில ஒரு புளியன்கிட்ட தோத்துட்டாரு.

அந்த இங்கிலீஷ் பேரையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ரெண்டு தடவை சொன்னாரே, என் காதால கேட்டேனே. ஓனர் முன்னாடி வாய் திறக்கல. பயம்க்கா. தப்பாப் போயிடுமோன்னு பயம். நானா இருந்தா தப்போ சரியோ வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டிருப்பேன், யாருக்குத் தெரியப்போகுது?

எனக்கு நல்லதாப் போச்சு. இப்பவும் வந்து பாருங்க, மத்த மரத்துல எல்லாம் முழ நீளப் பேரு. எங்க புளியன்ல மட்டும் போர்டு இல்ல. ஓனர் அந்தப் பக்கமே வர்றதில்ல. அந்தப் புளிப்பை அவரு நாக்கு இன்னும் மறக்கல. மரம் எனக்குத்தான். சித்திரையில பறிக்கிறேன், ஊறுகா போடுறேன். கடைக்காரர் இப்ப ரெண்டு மடங்கு கேக்குறாரு.

ஆனா கேளுங்க, அந்த மனுஷன் விட்டபாடில்ல. அதே வருஷம் மார்கழியில ஒரு நாள் தனியா வந்து நிக்குறாரு, ஓனர் இல்லாத நேரமாப் பாத்து. "ரெண்டு குச்சி வேணும்மா. எங்க தோட்டத்துல ஒட்டு கட்டிப் பாக்கணும்"ன்னாரு. பேர் இல்லாத காட்டு மரம்னு ஊரு முன்னாடி சொன்னவரு, அதோட குச்சிய ஈரத் துணியில சுத்தி, பச்சக் குழந்தையத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கிட்டுப் போறாரு. தோத்துப்போனது மனசுல உறுத்துது போல. பாவம்னு ஒரு பாட்டில் ஊறுகாயும் குடுத்து விட்டேன். போறப்ப சொல்றாரு, "எல்லாத்தையும் ஊறுகாய் போட்டுடாதீங்கம்மா. ஒரு கிளையை மட்டும் ஆவணி வரைக்கும் விட்டு வைங்க. நான் மறுபடி வந்து தின்னு பாக்கணும். ஒருவேளை பேர் பிடிபடலாம்."

அதுல இருந்து வருஷா வருஷம் வர்றாரு. குன்னூர்ல இருந்து பஸ் மாறி பஸ் மாறி! போன வாரம் கூட வந்தாரு. வாளியக் கவுத்துப் போட்டு மரத்தடியில உக்காந்தாரு. பக்கத்துல இவ. அவரு ஒண்ணு வெட்டுவாரு, இவளுக்குப் பாதி, அவருக்குப் பாதி. கண்ண மூடிக்கிட்டு மெல்லுவாரு. அவசரமே கிடையாது. நான் டீ போட்டுக் கொண்டுபோய் வெச்சுட்டு, இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னு கேப்பேன்.

"என்ன சார், இந்தத் தடவையாவது தெரிஞ்சுதா?"

இன்னொரு துண்டை வாயில போட்டுக்கிட்டுத் தலைய ஆட்டுவாரு. "இல்லம்மா. பிடிபட மாட்டேங்குது. அடுத்த வருஷம் பாப்போம்"பாரு.

நாலு வருஷமா இதே பதில்தான்க்கா. இவ கூட இப்ப எந்தப் பழம் இன்னிக்கு எடுக்கலாம், எது நாளைக்குன்னு கையால தூக்கிப் பாத்தே சொல்றா. எட்டு வயசுப் பிள்ளைக்கு வர்ற படிப்பு அவருக்கு வர மாட்டேங்குது. நானும் என்ன பண்ண முடியும்? நம்ம மரத்தால ஒரு மனுஷன் தலை குனிஞ்சு நின்னுட்டாரேன்னு இருக்கு. அதான், அடுத்த வருஷம் ஒரு கிளைக்கு ரெண்டு கிளையா விட்டு வைக்கலாம்னு இருக்கேன். அவ்வளவும் தின்ன பிறகாவது அந்த மண்டையில ஏறுதான்னு பாப்போம்.